கல்பர் சுறா: ஒரு மீட்டரா, 170 செ.மீ.யா?

கதிர்_கடல்:
ஆழ்கடல் டாக்ஃபிஷ் சுறாக்களைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். கல்பர் சுறா, அதாவது சென்ட்ரோஃபோரஸ் கிரானுலோசஸ், சுமார் ஒரு மீட்டர்தான் வளரும், ஈற்றுக்கு ஒரே குட்டி என்று பழைய கையேடுகள் சொல்கின்றன. புதிய கட்டுரைகளில் 170 செ.மீ. வரை வளரும், ஒரே ஈற்றில் பல குட்டிகள் போடும் என்று இருக்கிறது. இடத்துக்கு இடம் இவ்வளவு மாறுமா? அப்புறம், ஒன்று கையில் கிடைத்தால் இந்தக் குடும்பம்தான் என்று எதை வைத்துச் சொல்வது?

செவுள்வாசி:
இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சுறாவைத் திருப்பிப் போட்டு வால்பக்கம் அடியில் பாருங்கள், குதத்துடுப்பு இருக்காது. முதுகில் இரண்டு துடுப்பு, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு முள், முள்ளின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஒரு பள்ளம். பெரிய பச்சைக் கண். கீழ்ப்பற்கள் மேற்பற்களைவிடப் பெரியவை, சாய்ந்து ஒன்றோடொன்று ஒட்டி நின்று ஒரே வெட்டுவிளிம்பாகத் தெரியும். இவ்வளவும் பொருந்தினால் சென்ட்ரோஃபோரிடே குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் இரண்டே பேரினங்கள். மூக்கு நீண்டு தட்டையாக இருந்தால் டீனியா. மார்புத்துடுப்பின் உள்மூலை கூராகப் பின்னோக்கி நீண்டிருந்தால் சென்ட்ரோஃபோரஸ்.

பேரினம் வரை இப்படி வந்துவிடலாம், எந்த இனம் என்பதில்தான் எல்லோரும் திணறுவார்கள். தோலில் இருக்கும் நுண்பற்களை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும்: கிரானுலோசஸில் அவை கட்டைகட்டையாகத் தோலோடு பதிந்திருக்கும், அதே பேரினத்தின் இன்னோர் இனமான ஸ்குவாமோசஸில் சிறு காம்பின் மேல் இலைபோல் தூக்கி நிற்கும். ஆனால் குட்டியின் தோலும் வளர்ந்ததின் தோலும் ஒன்றுபோல் இருக்காது என்பதால் ஒரே ஒரு சுறாவை வைத்துக்கொண்டு முடிவுக்கு வருவது ஆபத்து.

பழையபெயர்:
முதல் கேள்விக்கு வருகிறேன். இடத்துக்கு இடம் மாறவில்லை, நீங்கள் படித்தது இரண்டு வேறு இனங்களைப் பற்றி, பெயர் மட்டும்தான் ஒன்று.

1801இல் பிளாக், ஷ்னைடர் நூலில் இந்த இனத்துக்குக் கிடைத்த விவரணை மிகச் சுருக்கம், ஒப்பிட்டுப் பார்க்க மூல மாதிரியும் (பெயர் வைக்க அடிப்படையாக இருந்த சுறாவின் உடலும்) மிஞ்சவில்லை. நாளடைவில் அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும் கிடைக்கும் சிறிய சுறாவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெரியதை வேறு பெயர்களில் வர்ணித்தார்கள்: ஜப்பானிலிருந்து 1906இல் அகஸ் என்ற பெயர், தைவானிலிருந்து 1959இல் நியாவ்காங் என்ற பெயர். 2013இல் ஒயிட், ஈபர்ட் ஆய்வுக் குழுவினர் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, கிரானுலோசஸ் என்ற பெயர் பெரியதற்கே உரியது, அகஸும் நியாவ்காங்கும் அதன் மறுபெயர்கள்தான் என்று காட்டி, மூல மாதிரிக்குப் பதிலாகப் புதிதாக ஒரு மாதிரியையும் நிர்ணயித்தார்கள். சிறியதை இப்போது உயாட்டோ என்கிறோம். ஒற்றைக் குட்டி போடுவது அதுதான்.

அதனால் 2013க்கு முந்தைய கட்டுரை எதைப் படித்தாலும் வளர்ந்த பெண் சுறாவின் நீளத்தைப் பாருங்கள். ஒரு மீட்டரை ஒட்டி நின்றால் அது அநேகமாக உயாட்டோ. இதைக் கவனிக்காமல் குட்டி எண்ணிக்கையை ஒன்றிலிருந்தும் நீளத்தை இன்னொன்றிலிருந்தும் எடுத்து ஒரே அட்டவணையில் போட்டால், அப்படி ஒரு சுறா கடலில் எங்குமே கிடையாது.

கதிர்_கடல்:
மிக்க நன்றி, இப்போது தெளிவாகிவிட்டது. குட்டி ஒன்றா பலவா என்பதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஆழம்1000:
மீன்பிடியில் எவ்வளவு இழந்தால் ஓர் இனம் தாங்கும் என்பதே அதைப் பொறுத்ததுதானே. இவை முட்டையைத் தாயின் உடலுக்குள்ளேயே வைத்துக் குட்டியாக ஈனுபவை. கருவுக்குத் தேவையான உணவு முழுக்க மஞ்சள்கருவிலிருந்து வர வேண்டும் என்பதால் ஒவ்வொரு முட்டையும் கோழிமுட்டையைவிடப் பெரியது. உயாட்டோவில் சினைக்காலமே ஏறக்குறைய இரண்டு ஆண்டு, அதற்குப் பிறகு கிடைப்பது ஒரு குட்டி!

இவற்றைத் தேடிப் பிடிப்பது கல்லீரலுக்காக. காற்றுப்பை இல்லாத இந்தச் சுறாக்கள் மூழ்காமல் மிதக்க உதவுவது கல்லீரல் எண்ணெய்தான், அதில் ஸ்குவாலீன் என்ற எண்ணெய்ப் பொருள் அதிகம், அதன் அடர்த்தி சுமார் 0.86, தண்ணீரைவிட இலேசு. அழகுசாதனத் தொழிலுக்கு அது வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரைக்கு அப்பால் கடலடிச் சரிவில் கபாலா என்ற ஆய்வுக் கப்பல் 1976-77இல் இழுவலை போட்ட அதே பகுதிகளில் 1996-97இல் மறுபடி போட்டபோது, சென்ட்ரோஃபோரஸ் சுறாக்கள் 99 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தன. இருபதே ஆண்டில் இப்படி. மாணவர்களிடம் வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வயது விஷயம்: ஆழத்தில் வாழும் பல டாக்ஃபிஷ்களின் முதுகெலும்பில் சுண்ணாம்பு குறைவு, வயதைக் காட்டும் வளையம் சரியாகத் தெரியாது. அதனால் முதுகு முள்ளைக் குறுக்கே மெல்லிசாக அறுத்து, உள்ளே இருக்கும் வளர்ச்சி வரிகளை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். ஆகவே மாதிரி ஏதாவது கிடைத்தால் கையைக் குத்துகிறது என்று முள்ளை ஒடித்துப் போட்டுவிடாதீர்கள், இரண்டையும் அடிப்பகுதியோடு எடுத்து வையுங்கள், கூடவே மரபணுச் சோதனைக்குக் கொஞ்சம் தசையும்.