வெள்ளை அங்கி வேண்டாம், ‘முன்னிலை’ போதும்

அனைவருக்கும் வணக்கம். மருத்துவரிடம் பார்க்கும்போது மட்டும் இரத்த அழுத்தம் ஏறி, வீட்டில் சரியாக இருக்கும் நிலைக்கு (white coat hypertension) தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ‘வெள்ளை அங்கி உயர் இரத்த அழுத்தம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

எனக்கு உடன்பாடில்லை, ஐயா. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்ப்பவர் செவிலியர். மருத்துவரும் சாதாரணச் சட்டையில்தான் இருப்பார். அங்கும் ஏறத்தான் செய்கிறது.

1983-இல் இத்தாலியில் மருத்துவ ஆய்வாளர் மான்சியாவின் குழுவினர் தமனிக்குள்ளேயே குழாய் வைத்து இடைவிடாமல் அளந்து பார்த்தார்கள். மருத்துவர் வந்து அளக்கத் தொடங்கியதுமே மேல் அளவு சராசரியாக 27, கீழ் அளவு 15 எகிறியது. சுமார் பத்து நிமிடத்தில் பெரும்பாலும் தணிந்துவிட்டது. பிறகு செவிலியரை அனுப்பிப் பார்த்தபோது ஏற்றம் ஏறக்குறைய பாதிதான். ஆக, துணியில் ஒன்றுமில்லை. எதிரே யார் வந்து நிற்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

‘மருத்துவ அச்ச அழுத்தம்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதுவும் பொருந்தாது. என் அப்பா அறைக்குள் போய் மருத்துவரோடு மழை, விளைச்சல் எல்லாம் பேசிச் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார், 164/94 காட்டும். வீட்டில் சாய்வு நாற்காலியில் 126/78. காலண்டர் தாளின் பின்பக்கம் தேதி போட்டு எழுதி வைத்திருந்தோம். அந்தத் தாள்களை யாரும் கேட்கவில்லை, மாத்திரை தொடங்கிவிட்டார்கள். பத்தாம் நாள் விடியலில் எழுந்தவர் தலைசுற்றிக் கொல்லைப்படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் ‘பயம்’ என்று சீட்டில் எழுதினால் ஒருநாளும் ஏற்கமாட்டார், ஏற்கவும் வேண்டியதில்லை.

என் முன்மொழிவு: முன்னிலை உயரழுத்தம். ‘ஆட்சியர் முன்னிலையில்’ என்று தினமும் செய்தித்தாளில் படிக்கிறோமே, அதே முன்னிலை. தன்மை, முன்னிலை, படர்க்கையோடு குழம்பும் என்பீர்கள். இலக்கண வகுப்பில் யாரும் பிரஷர் பார்க்கும் கைப்பட்டை கட்டுவதில்லை.

விளக்கம்: இரத்த அழுத்த மருந்து எடுக்காதவருக்கு, மருத்துவரிடம் பலமுறை பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல், வீட்டுச் சராசரி 135/85-க்குக் கீழ்.

இச்சொல்லோடு சேர்ந்த மற்ற சொற்களும் எளிதாகக் கிடைக்கின்றன. மருத்துவரிடம் சரியாக இருந்து வீட்டில் கூடுவது ‘மறைவு உயரழுத்தம்’. ஏற்கெனவே மருந்தில் இருப்பவருக்கு மருத்துவரிடம் மட்டும் ஏறுவது ‘முன்னிலை விளைவு’. குருதி அமுக்கம் என்று சொல்லும் இலங்கை நண்பர்களும் ‘முன்னிலை’யை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு தயக்கம்: ‘உயரழுத்தம்’ மின்சாரத்தை நினைவூட்டுகிறதா? அப்படியானால் நோயாளி கையில் போகும் தாளிலாவது ‘இரத்த’த்தைச் சேர்த்தே எழுதுவோம். மின்துறை நண்பர்கள் சொல்லுங்கள்.