பயாஸில் எஸ்எஸ்டி தெரிகிறது, விண்டோஸ் போடப் போனால் காணோம்

கம்பம்_கணக்கு:
அண்ணன்மாரே, கொஞ்சம் அவசரம். வீடு கம்பம், வேலை குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுவது. கடை லேப்டாப் ஐ5, 11வது தலைமுறை, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். காலையில் ஆன் செய்துவிட்டு எதிர்க்கடையில் ஒரு கட்டன் சாயா குடித்து வந்தாலும் கணக்கு சாஃப்ட்வேர் டேலி திறந்திருக்காது. புத்தடி ஏலத்தில் எடுத்த காய்க்கு பில் போட ஆள் வந்து நிற்பார், திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், முதலாளி என்னை முறைப்பார். சரி என்று ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்றை ஆன்லைனில் வாங்கி இங்கே ஒரு சர்வீஸ் கடையில் மாட்டக் கொடுத்தேன். மாட்டிவிட்டார்கள், பழைய டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டும் கொடுத்துவிட்டார்கள். இப்போது விண்டோஸ் 11 பென்டிரைவைச் சொருகி ஆரம்பித்தால், எதில் போடுவது என்று கேட்கும் இடத்தில் பட்டியல் காலி. டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை, டிரைவரை லோடு செய் என்கிறது. ஆனால் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸ் செட்டிங்குக்குள் போனால் எஸ்எஸ்டியின் பெயர் ஜம்மென்று இருக்கிறது. கடைக்காரர் "பீஸ் கம்ப்ளெயிண்ட், மாத்திக்கோ" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். திருப்பி அனுப்ப இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. அனுப்பிவிடவா?

சுருளிக்காற்று:
அனுப்பாதே தம்பி. பயாஸ் பெயரைச் சொல்கிறதென்றால் பீஸ் உயிரோடுதான் இருக்கிறது, சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. 11வது தலைமுறை என்று நீ சொன்னதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதிலிருந்து வந்த இன்டெல் லேப்டாப் பலவற்றில் என்விஎம்இ டிரைவ்களை நிர்வகிக்கும் விஎம்டி என்று ஒன்றைக் கம்பெனியிலேயே ஆன் செய்து அனுப்புகிறார்கள். நம்ம குமுளி செக்போஸ்ட் மாதிரி என்று வைத்துக்கொள். எஸ்எஸ்டி அந்தப் பக்கம் நிற்கிறது, விண்டோஸ் இந்தப் பக்கம், நடுவில் விஎம்டி. தாண்டுவதற்கு இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர் என்ற சின்ன சாஃப்ட்வேர்தான் சீட்டு, உன் பென்டிரைவில் அந்தச் சீட்டு இல்லை. அவ்வளவுதான் சங்கதி.

பயாஸில் விஎம்டியை டிசேபிள் செய்து எஃப்10 அழுத்திச் சேவ் செய்துவிட்டு மறுபடி பென்டிரைவில் ஏறு. எஸ்எஸ்டி தானாக வந்து நிற்கும். சாதாரண என்விஎம்இக்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது, தனியாக எதையும் தேட வேண்டாம். ஒரே டிரைவ் உள்ள லேப்டாப்புக்கு, பல டிரைவை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டும் கிடையாது ஒன்றும் கிடையாது, விஎம்டி போனால் உனக்கு நஷ்டமில்லை.

கம்பம்_கணக்கு:
அண்ணே, பயாஸ் முழுக்கத் துழாவிவிட்டேன், விஎம்டி என்ற சொல்லே கண்ணில் படவில்லை. மெயின், செக்யூரிட்டி, பூட், எக்சிட் என்று நாலு பக்கம்தான்.

சுருளிக்காற்று:
ஏசரா? அதில் பல மாடலில் அந்த வரியை ஒளித்து வைத்திருப்பார்கள். மெயின் பக்கத்தில் நின்றுகொண்டு கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்து. புதிதாக ஒரு வரி முளைக்கும்.

பச்சைக்காய்:
சுருளி அண்ணன் சொன்ன வழி வேலை செய்யும், ஆனால் எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. நாளைக்கு பயாஸ் அப்டேட் செய்தாலோ, செட்டிங் எல்லாம் டிஃபால்டுக்குத் திரும்பினாலோ விஎம்டி மறுபடி ஆன் ஆகிவிடும். அணைத்து வைத்துப் போட்ட விண்டோஸ் அன்றைக்கு ஏறாது, நீலத்திரையில் இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ் என்று வந்து நிற்கும். எங்கள் மாமா லேப்டாப்பில் இதேதான் நடந்தது, புது விண்டோஸ் போட வேண்டும் என்று காசு வாங்கினார்கள், உண்மையில் ஒரு செட்டிங்கைத் திருப்பி வைத்திருந்தால் தீர்ந்திருக்கும். நான் எப்போதும் டிரைவரைக் கொடுத்துத்தான் போடுவேன். லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் உங்கள் மாடலுக்கான ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, ஜிப்பை விரித்து, ஃபோல்டரை அதே பென்டிரைவில் போடுங்கள். லோட் டிரைவரை அழுத்தி அதைக் காட்டினால் விஎம்டி கன்ட்ரோலர் என்று வரும், நெக்ஸ்ட். ஜிப்பை விரிக்காமல் காட்டினாலோ, ஈஎக்ஸ்ஈ ஃபைலைக் காட்டினாலோ நடக்காது, உள்ளே ஐஎன்எஃப் என்று முடிகிற ஃபைல் இருக்க வேண்டும். பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

சுருளிக்காற்று:
அது நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவன் கையில் வேறு கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

வண்டிப்பெரியாறு_எஸ்டேட்:
சண்டை போடாதீர்கள், இரண்டும் சரி. நான் கேட்பது வேறு. அந்தப் பழைய டிஸ்க்கில் கடைக் கணக்கு முழுக்க இருக்கிறதே, அதைத் திறந்து பார்த்தாயா? மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்து பயன்படுத்திய லேப்டாப் என்றால் டிஸ்க் தானாகவே பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டில் பூட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. வேறு மெஷினில் சொருகினால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். விண்டோஸ் போடும் நேரத்தில் அந்த கேஸை மட்டும் சொருகி வைத்துவிடாதே, அவசரத்தில் எதை ஃபார்மட் செய்கிறோம் என்று தெரியாமல் போய்விடும்.

இன்னொன்று, புதிதாகப் போட்டதும் வைஃபை டிரைவர் இல்லாமல் விண்டோஸ் 11 நெட் கேட்டு அடம்பிடிக்கலாம். போனை கேபிளில் சொருகி, போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் யுஎஸ்பி டெதரிங் ஆன் செய். பெரும்பாலும் அதிலேயே ஒப்பேறிவிடும், மீதி டிரைவரை விண்டோஸ் அப்டேட் தானாக இழுத்துக்கொள்ளும். பயாஸ் அப்டேட் வந்திருக்கிறது என்று சொன்னாலும் இந்த மழையில் தொடாதே. எங்கள் பக்கம் காற்றடித்தால் கரண்ட் போய்விடும், பேட்டரி வீக்கான லேப்டாப்பில் பாதியில் நின்றால் போர்டே போச்சு.

கம்பம்_கணக்கு:
கண்ட்ரோல் எஸ் அழுத்தினேன், முளைத்தது! என்னிடம் போன் மட்டும்தான், ஜிப்பை விரித்து பென்டிரைவில் ஏற்றப் பொறுமை இல்லை, அதனால் சுருளி அண்ணன் வழியிலேயே போய்விட்டேன். பட்டியலில் டிரைவ் ஜீரோ, 476.9 ஜிபி என்று வந்தது. 512 வாங்கினேனே என்று ஒரு நொடி பக்கென்றது.

பச்சைக்காய்:
அது கணக்கு வித்தியாசம். கம்பெனிக்காரன் ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட், விண்டோஸ் அதையே 1024ஆல் மூன்று தடவை வகுத்துச் சொல்கிறது. எடையில் குறைவில்லை, கணக்கரே.

கம்பம்_கணக்கு:
காய்க் கடையில் இப்படி எடை சொன்னால் அடிக்க வருவார்கள். சரி, விண்டோஸ் ஏறி டேலியும் போட்டாயிற்று, கட்டன் வாங்க எழுந்திருப்பதற்குள் திறந்துவிடுகிறது. பச்சைக்காய் அண்ணன் பயமுறுத்தியதால் மூட்டைக்கு ஒட்டுகிற லேபிளில் "விஎம்டி டிசேபிள், மாற்றாதே" என்று மார்க்கரில் எழுதி லேப்டாப் அடியில் ஒட்டிவிட்டேன். ஆப்டிமைஸ் டிரைவ்ஸில் போய்ப் பார்த்தேன், சாலிட் ஸ்டேட் டிரைவ் என்றுதான் காட்டுகிறது.

எஸ்டேட் அண்ணே, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. பழைய டிஸ்க் 48 இலக்கம் கேட்டது, என் அக்கவுண்டில் இல்லை. யோசித்துப் பார்த்தால் லேப்டாப் வாங்கிய அன்று முதலாளி மகளின் மெயிலைத்தான் கொடுத்திருந்தோம். அந்தப் பிள்ளை இப்போது கோட்டயத்தில் படிக்கிறது, ராத்திரி போன் போட்டு இலக்கம் இலக்கமாக வாங்கி எழுதினேன். நடுவில் ஒரு ஆறை ஐந்தாக எழுதிவிட்டு இரண்டாம் தடவையும் கூப்பிட்டேன். திறந்துவிட்டது, கணக்கு எல்லாம் பத்திரம். இப்போது காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் 40 நிமிஷம் என்று காட்டுகிறது. முதலாளி கேட்டால் சர்வர் வேலை என்று சொல்லிக்கொள்கிறேன்.