ஆல் வீல் டிரைவ் எடுத்தால் மைலேஜ் எவ்வளவு அடிவாங்கும்? எழுதி வைத்துப் பார்த்த கணக்கு

நான்கு வருடம் ஃப்ரண்ட் வீல் டிரைவ், அதாவது முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டி, ஓட்டினேன். அப்புறம் அதே மாடல், அதே இன்ஜின், ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் வண்டிக்கு மாறி மூன்று வருடம் ஆகிறது. மாறும்போது எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: "பெட்ரோலைக் குடித்துத் தீர்த்துவிடும்." அதனாலேயே ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் லிட்டரையும் கிலோமீட்டரையும் நோட்டில் எழுதி வந்தேன். டாஷ்போர்டு காட்டும் எண் நம் ஆசைக்கேற்ப கொஞ்சம் கூட்டிச் சொல்லும், அதை எடுக்கவில்லை.

பழைய வண்டி லிட்டருக்குச் சராசரியாக 13.8 கிலோமீட்டர் கொடுத்தது. இது 13.1 கொடுக்கிறது. அவ்வளவுதான்.

இந்த இழப்பு எங்கே போகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு எனக்கு மனம் ஆறியது. பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோக நீளமான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (சுழலும் தண்டு), பின்னால் ஒரு டிஃபரன்ஷியல் (விசையை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி), நடுவில் கிளட்ச் (விசையை இணைத்து விடுவிக்கும் பாகம்) என்று எல்லாம் சேர்ந்து பல பத்து கிலோ எடை கூடுகிறது. முன்சக்கரம் மட்டுமே இழுக்கும் நேரத்திலும் பல வண்டிகளில் அந்த ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதைச் சுற்ற வைப்பதும் இன்ஜின்தான். கியர் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது இந்த இழுவை இன்னும் அதிகம். என் நோட்டிலும் அது தெரிகிறது: நீண்ட பயணத்தில் இரண்டு வண்டிக்கும் வித்தியாசம் குறைவு, குளிர் காலையில் மூன்று நான்கு கிலோமீட்டர் போய் நிறுத்தும் நாட்களில்தான் அதிகம்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எண்களும் கிட்டத்தட்ட இதையே சொல்கின்றன. 2023 ஹோண்டா சிஆர்-வி டர்போ பெட்ரோலில் முன்சக்கர வண்டிக்குக் கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 30 மைல், ஆல் வீலுக்கு 29. வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 40 லிட்டர் வித்தியாசம். ஒரு முழு டேங்க் கூட இல்லை.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். டேங்க் நிரப்பிப் பார்த்த கணக்காக இருந்தால் நல்லது.

பதில் 1

அண்ணா, நான் ஒரு வருடம் முழுக்க ஆல் வீல் டிரைவைத் திட்டிக்கொண்டிருந்தேன். மைலேஜ் விழுந்ததற்கு அதுதான் காரணம் என்று முடிவே கட்டிவிட்டேன். பார்த்தால், ஒரு சுற்றுலாவுக்காகக் கூரையில் மாட்டிய சாமான் பெட்டியைக் கழற்றவே இல்லை. அப்படிப்பட்ட பெரிய பெட்டி நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் வரை மைலேஜைத் தின்னும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. கழற்றினேன், அடுத்த டேங்கிலேயே வண்டி பழைய நிலைக்கு வந்துவிட்டது. டயர் காற்றையும் பாருங்கள். நான் இரண்டு மாதம் பார்க்காமலே விட்டிருந்தேன்.

பதில் 2

பெட்ரோலைப் பற்றியே பேசுகிறோம், டயரை மறந்துவிட்டோம். என் வண்டியில் முன் டயர் இரண்டும் தேய்ந்ததும், மாற்றியவர் "இரண்டு போதும்" என்றார். நானும் சரி என்றேன். புது டயரின் சுற்றளவு அதிகம், பின்னால் இருந்த பழைய டயர் அதைவிட வேகமாகச் சுற்ற வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே இருக்கும் கிளட்ச் நாள் முழுக்க அந்த வித்தியாசத்தைத் தாங்கிச் சூடாகிறது. சில மாதத்தில் திருப்பங்களில் முனகல் சத்தம் வந்தது. கடைசியில் நான்கையும் மாற்றினேன், கிளட்ச் ஆயிலையும் மாற்றினேன். ஃப்ரண்ட் வீல் டிரைவில் இந்தக் கவலையே இல்லை. மூன்று வருடத்தில் கூடப் போன பெட்ரோல் செலவைவிட எனக்கு இது பெரிய செலவு.

பதில் 3

என்னிடம் பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் இருக்கிறது, டொயோட்டா ப்ரியஸ், ஆல் வீல். இதில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டே கிடையாது, பின்னால் தனியாக ஒரு மின் மோட்டார். 2023 மாடலின் அடிப்படை ரகத்தில் முன்சக்கர வண்டிக்குக் கேலனுக்கு 57 மைல், ஆல் வீலுக்கு 54. மூன்று மைல் என்றதும் பயந்தேன். ஆனால் 15,000 கிலோமீட்டருக்குப் போட்டுப் பார்த்தால் 34 லிட்டர்தான் கூடுகிறது. சிஆர்-வியில் ஒரே ஒரு மைல், ஆனால் 40 லிட்டர். மைல் எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், லிட்டராக மாற்றிப் பாருங்கள்.

பதில் 4

எங்கள் பாதையில் வருடத்தில் நான்கைந்து நாள்தான் சேறு. மற்ற நாளெல்லாம் நல்ல தார்ச்சாலை. ஆல் வீல் எடுக்கலாமா?

தொடங்கியவரின் பதில்

நான்கைந்து நாளுக்கு என்றால் நான் எடுக்க மாட்டேன், தம்பி. நல்ல டயர் போட்ட முன்சக்கர வண்டியே போதும். சறுக்கும் சாலையில் ஆல் வீல் கிளம்புவதற்கும் ஏறுவதற்கும்தான் உதவும். பிரேக் பிடிக்கும்போது அதனால் பயனில்லை, அங்கே டயர்தான் பிடிக்க வேண்டும். புதிதாக ஓட்டுபவர்கள் இதை அறியாமல் வேகம் எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது.

என் வீட்டுக்குப் போகும் கடைசி அரை கிலோமீட்டர் செங்குத்தான மண் ஏற்றம். முன்சக்கரம் வழுக்கி, வண்டியைக் கீழே விட்டுவிட்டு அம்மாவைக் கைபிடித்து மழையில் நடத்திக் கூட்டிப்போன இரவுகள் உண்டு. இந்த மூன்று வருடத்தில் ஒரு முறை கூட அப்படி நடக்கவில்லை. அந்தக் கூடுதல் பெட்ரோலை நான் மனதார ஊற்றுகிறேன்.