மாடியில புது ரௌட்டர்: சிக்னல் ஃபுல், நெட் மட்டும் இல்ல

ராயபுரத்தான்:
வணக்கம். வீடு ராயபுரம், கல்மண்டபம் பக்கம். பழைய சுண்ணாம்புச் சுவர், ஒன்றரை அடி கனம். கீழ வாசல் ரூம்ல ஜெராக்ஸ் கடை, ஃபைபர் பாக்ஸ் அங்கதான். மாடிக்கு வை-ஃபை ஏறவே மாட்டேங்குது. பொண்ணு ப்ளஸ் டூ, வீடியோ கிளாஸ்னா படிக்கட்டுல வந்து உக்காந்துக்குது. ரிச்சி ஸ்ட்ரீட் போய் ரௌட்டரும் ரெடிமேட் ஒயரும் வாங்கிட்டு வந்து, பாக்ஸ் லேன் 1 (வீட்டு சாமானுங்களை குத்துற போர்ட்) போர்ட்லருந்து ரௌட்டர் லேன் 1-க்கு குத்தினேன். மாடியில சிக்னல் ஃபுல்லு, ஆனா நெட் இல்ல. சில நேரம் தானா வரும், அப்புறம் போயிடும். செட்டிங் பார்க்க பிரவுசர்ல 192.168.1.1 அடிச்சா ஒரு தடவை பாக்ஸோட பேஜ் வருது, ஒரு தடவை ரௌட்டரோடது. கனெக்‌ஷன் குடுத்தவங்க "எங்க பாக்ஸ் வரைக்கும் சரியா இருக்கு சார்"னு போனை வச்சுட்டாங்க. மாடியிலருந்து கடை பிரின்டருக்கு பிரின்ட் குடுக்கணும், அதையும் பார்த்து சொல்லுங்க.

மாடிவீடு:
ரௌட்டர்ல ஒயரை வான் போர்ட்ல (வெளியிலருந்து நெட் வாங்குற போர்ட்) மாத்துங்க ப்ரோ. வேலை முடிஞ்சுது.

தண்டையார்பேட்டை ஒயர்மேன்:
தம்பி சொல்றதுல நெட் வரலாம். ஆனா மாடி தனி நெட்வொர்க் ஆயிடும், கீழ இருக்கிற பிரின்டர் போன்ல தேடினா காட்டாது. அண்ணனுக்கு லேன்-டு-லேன்தான் சரி. என்ன ஆகுதுன்னா, பாக்ஸ், ரௌட்டர் ரெண்டுக்கும் ஒரே ஐபி (நெட்வொர்க்ல ஒவ்வொண்ணுக்கும் உள்ள அட்ரஸ் நம்பர்), ரெண்டுலயும் டிஹெச்சிபி (போனுக்கெல்லாம் அந்த நம்பரைக் குடுக்குற வேலை) ஓடுது. ஒரே ரேஷன் கடையில ரெண்டு பேர் டோக்கன் குடுக்குற கதை. ரௌட்டர்கிட்ட டோக்கன் வாங்கின போன் நெட்டுக்கும் அதையேதான் கேக்கும். அதோட வான் போர்ட் காலி, எங்கருந்து குடுக்கும்?

மொதல்ல பாக்ஸ் பேஜ்ல டிஹெச்சிபி எந்த நம்பர்ல ஆரம்பிக்குதுன்னு பாருங்க. 2-ன்னு இருந்தா 10-ன்னு மாத்திடுங்க, அந்த 2 ரௌட்டருக்கு வேணும். அப்புறம் ஒயரைக் கழட்டிட்டு, லேப்டாப்பை ரௌட்டர்ல மட்டும் குத்தி, ரௌட்டர் ஐபியை 192.168.1.2 ஆக்குங்க. அது ரீஸ்டார்ட் ஆனதும் புது நம்பர்லயே உள்ள போய் டிஹெச்சிபியை ஆஃப் பண்ணுங்க. பழையபடி லேன் டு லேன் குத்துங்க, அவ்ளோதான். மெனுவுல "ஆக்சஸ் பாயின்ட் மோட்" (ரௌட்டர் வை-ஃபை மட்டும் குடுக்குற மோட்) இருந்தா இவ்ளோ பாடுகூட வேணாம், அதை டிக் பண்ணா போதும்.

கொருக்குப்பேட்டை 21:
பாக்ஸை பிரிட்ஜ் மோட்ல (பாக்ஸ் நெட்டை சும்மா கடத்திவிடும், லாகின் வேலை ரௌட்டருக்கு) போட்டா இன்னும் க்ளீன்.

தண்டையார்பேட்டை ஒயர்மேன்:
அதுக்கு பிபிபிஓஇ (நெட் லாகின்) யூசர்நேம், பாஸ்வேர்ட், விலான் நம்பர் (லைனுக்கு கம்பெனி வைக்கிற நம்பர்) எல்லாம் கம்பெனிக்காரன் குடுக்கணும். போனையே வச்சுட்டான்றார் அண்ணன், அவன் குடுப்பானா? ஜெராக்ஸ் கடைக்கு இதெல்லாம் எதுக்குப்பா.

ராயபுரத்தான்:
ஆக்சஸ் பாயின்ட் மோட் இருந்துச்சுங்க. நெட் வருது, பிரின்டும் எடுத்துட்டேன். ஆனா 200 எம்பி பிளான், மாடியில 93-க்கு மேல ஏறல. ஒயரை மொட்டைமாடி வழியா வெளியிலதான் இறக்கியிருக்கேன்.

தண்டையார்பேட்டை ஒயர்மேன்:
அப்போ பெரும்பாலும் ஒயர்தான். எட்டு கம்பியும் சேர்ந்தாதான் 1000-ல ஓடும். நாலு மட்டும் பேசினா 100-லயே நின்னுடும். ஜாக்கை வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, எட்டு பின்னுக்கும் கலர் ஒயர் வந்திருக்கணும். நம்ம கடக்கரைக் காத்துல பின் பச்சை பூத்துக்கும், வெளிய ஜாயின்ட் எதுவும் விடாதீங்க. புதுசா வாங்குனா கேட் 6 (ஒயரோட தரம்), முழு காப்பர்னு கேட்டு வாங்குங்க. காப்பர் பூசின அலுமினியத்தையும் அதே கலர்லதான் விக்கிறாங்க, கத்தியில சுரண்டினா வெள்ளையா தெரியும்.

இன்னொண்ணு, ரெண்டு வை-ஃபையும் மோதிக்காம இருக்க 2.4 கிகாஹெர்ட்ஸ்ல கீழ சேனல் 1, மேல 6 இல்லன்னா 11 வைங்க. பேரு, பாஸ்வேர்டு ரெண்டுக்கும் ஒண்ணாவே இருக்கட்டும்.