புதுப்பிப்பு: ஈரம் ஏறிய பழைய பள்ளிக் கட்டடம் தப்பியது, பக்கக் கட்டடம் போய்விட்டது

சுவரில் ஈரம் ஏறும் பழைய பள்ளியை இடித்தே ஆக வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். விடையளித்த அனைவருக்கும் நன்றி. பிற்காலத்தில் பூசிய சிமென்ட் பூச்சுதான் ஈரத்தை உள்ளே அடைக்கிறது, அதைக் கொத்தியெடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசுங்கள் என்ற யோசனையே பலித்தது. நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் 1:3 என்ற அளவில் கலந்து பூசிய முதன்மைக் கட்டடத்தில் வகுப்புகள் தொடர்கின்றன.

பூச்சை நீக்கியதும் செங்கல்மீது வெள்ளையாக உப்பு பூத்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அதை நீர்விட்டுக் கழுவாமல் உலர்ந்த தூரிகையால் தேய்த்தெடுத்து, சுவர் நன்கு காய்ந்த பின்னரே பூச வேண்டும். பக்கக் கட்டடத்திலோ, வெளியே திடமாகத் தெரிந்த உத்தரங்களின் முனைகள், சுவருக்குள் விரலால் நோண்டினாலே உதிருமளவு உளுத்திருந்தன. அது இடிக்கப்பட்டதில் எனக்குப் பெரும் வருத்தம். சுவரைத் தொடுமுன் உத்தர முனைகளைத் திறந்து பாருங்கள்.