இரண்டாவது கிராஃபிக்ஸ் கார்டை மாட்டிப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கோவை_மின்விசிறி

என்னிடம் இருப்பது 750 வாட் எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி. அதில் ஓராண்டாக ஒரு ஆர்டிஎக்ஸ் 3090 கார்டு எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. 70 பில்லியன் அளவுருக்கள் கொண்ட செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியை, அளவுருவுக்கு நான்கு பிட்டாகச் சுருக்கினாலும் அது ஏறத்தாழ 40 ஜிபி கேட்கும், ஒரு கார்டின் 24 ஜிபி நினைவகத்தில் அடங்காது என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும் என்பதால், இரண்டாவது 3090-ஐ ஏன் வாங்கினேன் என்று விளக்கவில்லை. இரண்டும் முழு வேகத்தில் ஓடினால் 700 வாட், பிராசசருக்கும் மற்றவற்றுக்கும் ஒரு 100 வாட் என்று கணக்கிட்டு, கார்டின் மின் அளவுக்கு வரம்பு வைக்கும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையால் ஒவ்வொரு கார்டையும் 220 வாட்டில் கட்டிப்போட்டேன்.

மாதிரியை அடுக்குகளாகப் பிரித்து இரண்டு கார்டுகளிலும் ஏற்றிக் கேள்வி கேட்கும்போது, ஒன்று வேலை செய்ய மற்றது காத்திருக்கும். ஆகவே சுவர்ப் பிளக்கில் மாட்டியிருந்த மீட்டர் 400-ஐத் தாண்டவே இல்லை. அந்த எண்ணை நம்பித்தான், இரண்டு கார்டுகளும் ஒரே நேரத்தில் உழைக்க வேண்டிய பயிற்சி வேலையை நான்காம் நாள் இரவு ஓடவிட்டேன். மீட்டர் 600-ஐ ஒட்டி நின்றது. இரண்டு மணிக்கு மின்சாரம் போய், ஐந்து நிமிடத்தில் வந்தது. கணினி தானாக எழுந்து, பயிற்சியையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. விசிறிகளின் ஓசை அதுவரை நான் கேட்டிராத சுருதிக்கு ஏறியது. மீட்டரில் எண் எட்டில் தொடங்குவதைப் பார்த்தேன். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அறை இருண்டது. பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் அசையவில்லை. பின்பக்கச் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்து மாட்டிய பிறகுதான் உயிர் வந்தது.

காரணம் என் மடத்தனம். கணினி எழுந்ததும் பயிற்சி தானாகத் தொடங்க ஏற்பாடு செய்திருந்த நான், மறுதொடக்கம் ஆனதும் அழிந்துபோகும் அந்த 220 வாட் வரம்பை மட்டும் ஒவ்வொரு முறையும் கையால் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அதையும் இப்போது தானியங்கியாக்கிவிட்டேன். ஆனால் சென்ற வாரம், வரம்பு 220-லேயே இருக்க, மீட்டரும் 600-ஐத் தாண்டாமல் இருக்க, மீண்டும் அதே 'டக்'. முதலாவதற்கு விடை தெரியும். இந்த இரண்டாவதுதான் உறுத்துகிறது.

பழைய_ரிச்சி

2014-இன் இறுதியில் இரண்டு ஜிடிஎக்ஸ் 970 வாங்கி, விளையாட்டுக்கு இரண்டையும் ஒன்றாக இணைக்கும் எஸ்எல்ஐ போட்டவன் நான். கார்டுக்கு 145 வாட்தான் என்பதால், கேபினட்டோடு சேர்ந்து வந்த 600 வாட் எஸ்எம்பிஎஸ் போதும் என்று நினைத்தேன். கார்டு ஒன்றுக்கு ஆறு பின் இணைப்பு இரண்டு வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸில் மொத்தமே இரண்டுதான் இருந்தன. மீதிக்கு, பழைய நான்கு பின் மோலெக்ஸ் முனையிலிருந்து மின்சாரம் எடுக்கும் மாற்றிகளைப் போட்டேன். மூன்றாம் வாரம் விளையாடிக்கொண்டிருக்கும்போது வாடை வந்தது. திறந்து பார்த்தால், வெள்ளை மோலெக்ஸ் முனை மஞ்சள் கம்பி நுழையும் இடத்தில் மட்டும் டீத்தூள் நிறத்துக்கு மாறியிருந்தது. பிடுங்கினால் வரவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் என் எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு கையிலும் தம் அலமாரியில் இருந்த 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை இன்னொரு கையிலும் கொடுத்து, "நீங்களே தூக்கிப் பாருங்க சார்" என்றார். என்னுடையது பாதி எடைகூட இல்லை. எடை ஒரு சான்றல்ல என்று இப்போது சொல்வீர்கள். அன்று எனக்கு அது போதுமானதாக இருந்தது. புதியதை மாட்டிய பிறகும் பல விளையாட்டுகளில் படம் திக்கித் திக்கித்தான் ஓடியது. இரண்டு கார்டிலும் நான்கு நான்கு ஜிபி இருந்தும் விளையாட்டுக்குக் கிடைத்தது நான்குதான். பெரிய கார்டு ஒன்றை வாங்குங்கள், இரண்டைத் தொடாதீர்கள்.

ரெண்டர்_அறை

மேலே எழுதிய நண்பர் எஸ்எல்ஐ காலத்து நினைவை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் தீர்ப்பு எழுதுகிறார். அடுத்தடுத்த படங்களை இரண்டு கார்டுகள் மாற்றி மாற்றி வரைவதால் வந்த திக்கல் அது. முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்கும் பிளெண்டர் மென்பொருளில், காட்சியைப் படமாக்கும் சைக்கிள்ஸ் ரெண்டருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நான் 650 வாட்டில் இரண்டு ஆர்டிஎக்ஸ் 3060 வைத்திருக்கிறேன், கார்டுக்கு 170 வாட், நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. ஒருமுறை மட்டும், காட்சி 12 ஜிபியைத் தாண்டியதும், இரண்டு கார்டுகள் இருந்தும் நினைவகம் போதவில்லை என்று ரெண்டர் நின்றது. ஒவ்வொரு கார்டும் காட்சி முழுவதையும் தனித்தனியே சுமக்கிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. என் கதை அவ்வளவுதான்.

கோவை நண்பர் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். 220 வாட் என்பது சராசரிக்கு வைத்த வரம்பு; கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த துணுக்குகளில் கார்டு அதை மீறித் துள்ளும், 3090 அப்படித் துள்ளுவதில் பெயர்பெற்றது. சுவர் மீட்டர் நொடிக்கு ஒருமுறை எண்ணைக் காட்டுவதால் அந்தத் துள்ளல் அதில் தெரியாது, எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்றுக்குத் தெரியும். பயிற்சியின்போது இரண்டு கார்டுகளும் ஒரே கணத்தில் துள்ள வாய்ப்பு அதிகம். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோ நொடிக்குத் தாங்க வேண்டும் என்று சொல்வதே இதற்காகத்தான்; உங்களுடையது அதற்கு முந்தையது என்றால் 750 என்ற எண்ணை அப்படியே நம்ப முடியாது. அடுத்து, கேபிளைப் பாருங்கள். எட்டு பின் இணைப்பு ஒன்றுக்கு 150 வாட், ஸ்லாட் வழியாக 75 வாட். ஒரே கேபிளில் தொங்கும் இரண்டு தலைகளையும் ஒரே கார்டில் மாட்டினால், முழுச் சுமையில் 300 வாட், அதாவது 25 ஆம்பியர், மூன்றே கம்பிகளில் ஓடும். தலைக்கொரு கேபிள் போடுங்கள். இரண்டாவது ஸ்லாட் பார்வைக்கு நீளமாக இருந்தாலும் பல மதர்போர்டுகளில் உள்ளே தரவு ஓட நான்கு லேன்தான் இருக்கும், அதையும் பாருங்கள். மின்வெட்டு உள்ள ஊரில் யுபிஎஸ் இல்லாமல் இரவில் பயிற்சி ஓட்டியதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. 1 கேவிஏ என்று எழுதியிருப்பவற்றில் பல 600 வாட்தான் தரும் என்பதை மட்டும் வாங்குவதற்கு முன் நினைவில் வையுங்கள்.

பழைய_ரிச்சி

உறைத்ததாக நீங்களே எழுதியிருக்கும் 12 ஜிபி கதையைத்தான் நான் நான்கு ஜிபியில் சொன்னேன், ஐயா.

ஸ்கார்பரோ_நிலவறை

நீங்கள் எல்லோரும் எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னைக் கவிழ்த்தது சுவர். இரண்டு கார்டுகளுக்கும் தாராளமாக இருக்கட்டும் என்று 1,200 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கியிருந்தேன், சுவரிலிருந்து அது 850 வாட் எடுத்தது. கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், அறைக்கான பிரேக்கர் 15 ஆம்பியர். கணினிக்கு ஏழு ஆம்பியர் என்றால் பாதிதானே என்று நிம்மதியாக இருந்தேன். சனவரியில் ஒரு நாள் மாலை, நிலவறை குளிர்கிறது என்று மகள் 1,500 வாட் ஹீட்டரைப் போட்டாள். அது மட்டுமே பன்னிரண்டரை ஆம்பியர். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை; கணினி, ஹீட்டர், விளக்கு, அதே சுற்றில் இருந்த வைஃபை ரவுட்டர் எல்லாம் ஒன்றாக அணைந்தன. மகள் மேசையில் மடிக்கணினித் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது, அதில் இணையவழித் தேர்வின் பதினேழாம் கேள்வி பாதியில் நின்றிருந்தது. "அப்பா, உங்கட பெட்டிதானே?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் பிரேக்கர் பெட்டியைத் தேடிப் போனேன். இரண்டு கார்டுகளும் முழு மூச்சில் ஓடும் அறைக்கு ஹீட்டரே தேவையில்லை என்பதை அவளிடம் அப்போது சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

கோவை_மின்விசிறி

ரெண்டர்_அறை நண்பரின் பதிலைப் படித்ததும் கேபினட்டைத் திறந்து பார்த்தேன். நான் கேட்காத அறிவுரைதான் என்றாலும், அவர் சொன்னபடியேதான் இருக்கிறது: ஒவ்வொரு கார்டுக்கும் ஒரே கேபிளின் இரண்டு தலைகளையும் மாட்டியிருக்கிறேன். 220 வாட்டுக்குக் கேபிள் தாங்க வேண்டும் என்றுதான் கணக்கு சொல்கிறது, ஆகவே அந்த இரண்டாவது 'டக்' துள்ளலால் வந்ததாகவே இருக்கலாம். ஆனாலும் தலைக்கொரு கேபிள் போடலாம் என்று எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கத்தைத் திருப்பி டார்ச் அடித்தால், கிராஃபிக்ஸ் கார்டுக்கான துளைகள் இரண்டே இரண்டுதான் இருக்கின்றன. செய்தவர்கள் ஒரு கார்டுக்கு மேல் நினைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

நேற்று ஒரு கார்டைக் கழற்றிவிட்டேன். நான்கு பிட்டுக்குச் சுருக்கிய 32 பில்லியன் மாதிரி மீதமுள்ள ஒரே கார்டில் அடங்கி ஓடுகிறது. கழற்றிய கார்டு பெட்டியோடு பீரோவின் மேல் இருக்கிறது. விலை கேட்டுத் தனிச்செய்தி அனுப்பிய இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அது விற்பனைக்கு இல்லை.