மே மாதப் பனியில் மரம் கிழிந்துவிட்டது: டென்வர் நண்பர்கள் உதவ முடியுமா?

டென்வர் பக்கம் இருக்கும் நண்பர்களுக்கு வணக்கம். வியாழக்கிழமை 30 டிகிரிக்கு மேல் வெயில். மறுநாள், மே 20 மாலை, மழையாகத் தொடங்கி இரவுக்குள் பனியாகிவிட்டது. அதுவும் குளிர்காலத்து உதிரிப் பனி இல்லை, ஈரம் கோத்த கனமான பனி. மொட்டை மரம் என்றால் தாங்கியிருக்கும். இப்போது தழைத்து நிற்கிறதே, இலை இலையாகச் சுமை ஏறிவிட்டது.

எங்கள் வாசல் ஆஷ் மரத்தின் பெரிய கிளை, அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு கூரைமேல் சாய்ந்து கிடக்கிறது. நல்லவேளை, மின்கம்பியில் படவில்லை. காப்பீடு வைத்திருக்கும் மரம் வெட்டுபவர் யாரையாவது தெரியுமா? கூப்பிட்ட இடமெல்லாம் அடுத்த வாரம் என்கிறார்கள். கிழிந்த இடத்தில் போல்ட் போட்டு மரத்தைக் காப்பாற்றியவர்கள் இருந்தால் செலவோடு சொல்லுங்கள். மேற்கு வெயிலுக்கு அது ஒன்றுதான் நிழல்.

அப்புறம் தக்காளி. அன்னையர் தினம் கழிந்ததும் நடுவதுதானே இங்கே வழக்கம், அப்படியே நட்டோம். வாளி கவிழ்த்து மூடியும் நுனி இலைகள் வெந்த கீரையாகக் கருத்துவிட்டன. தண்டு பச்சையாகத்தான் இருக்கிறது. கீழிருந்து துளிர்க்குமா, பிடுங்கிவிடலாமா? கறிவேப்பிலைத் தொட்டி வீட்டுக்குள் இருந்ததால் தப்பித்தது.

நாற்று மிச்சம் வைத்திருப்பவர்கள் சொன்னால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.